வெள்ளைத் திரையில் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

புரொஜெக்டரால் எத்தனையோ நிறங்களைச் சுவரில் காட்ட முடியும். கறுப்பை மட்டும் அதனால் காட்ட முடியாது. சிவப்பு ஒளி உண்டு, பச்சை ஒளி உண்டு, நீல ஒளி உண்டு. மூன்றையும் வெவ்வேறு அளவில் கலந்தால் மஞ்சள், ஊதா, வெள்ளை எல்லாம் கிடைக்கும். ஆனால் கறுப்பு ஒளி என்று ஒன்று இல்லை. படத்தில் கறுப்பு வரவேண்டிய இடத்தில் ஒளி விழாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் புரொஜெக்டர் செய்யக்கூடியது. அப்படியானால் கிரிக்கெட் ஆட்டத்தில் அம்பயரின் கறுப்புக் கால்சட்டை என்று நாம் பார்ப்பது எதை? ஒளி விழாத வெள்ளைத் திரையைத்தான்.

புரொஜெக்டரை அணைத்துவிட்டு, டியூப்லைட்டைப் போட்டுத் திரையைப் பாருங்கள். பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். அந்த விளக்கு எரியும்வரை, திரையில் தெரியப்போகும் மிக ஆழ்ந்த கறுப்பும் அந்த வெள்ளைதான். அதற்குமேல் ஒரு துளிகூடக் கறுக்காது. அப்படியும் கிரிக்கெட் பார்க்கும்போது கால்சட்டை ஓரளவு கறுப்பாகத் தெரிகிறதே, எப்படி? பக்கத்தில் இருக்கும் புல்தரை அதைவிடப் பல மடங்கு வெளிச்சமாக இருப்பதால், குறைந்த ஒளி உள்ள இடத்தைக் கறுப்பு என்று நம் கண்ணும் மூளையும் முடிவுசெய்கின்றன. கறுப்பு என்பது பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டு நாம் எடுக்கும் தீர்ப்பு.

இப்போது பல வீடுகளில் புரொஜெக்டர் வந்துவிட்டது. எச்.டி. சேனல்களும் இருக்கின்றன. ‘படம் அருமை’ என்கிறார் அண்ணன். ‘சின்ன டிவியிலேயே இதைவிடத் தெளிவாக இருந்தது’ என்கிறார் அத்தை. யார் சொல்வது சரி? இதைச் சண்டை இல்லாமல், அளந்து பார்த்துச் சொல்லலாம். அதற்கான அறிவியலைத்தான் இங்கே பேசப்போகிறோம். நான் உறுதியாக நம்புவது இது: படத்தில் குறை தெரிந்தால், அந்தக் குறை எங்கே பிறந்தது என்று கண்டுபிடிப்பவர்தான் நல்ல நடுவர். மைதானத்துக் கேமராவிலிருந்து உங்கள் கண் வரைக்கும் படம் நெடுந்தூரம் வருகிறது. வழியில் எந்த இடத்திலும் அது அடிபடலாம்.

கறுப்பில் தொடங்கினோம், அதை ஒரு கணக்குப் போட்டு முடித்துவிடுவோம். 100 அங்குலத் திரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 100 அங்குலம் மூலைக்கு மூலை எடுத்த அளவு. அகலம் 221 செ.மீ., உயரம் 124.5 செ.மீ. பரப்பளவு சுமார் 2.76 சதுர மீட்டர். புரொஜெக்டரிலிருந்து வெளியேறும் மொத்த ஒளியை லூமென் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமென் வந்து விழுகிறது என்பதுதான் லக்ஸ். நம் புரொஜெக்டர் 2000 லூமென் என்றால், 2000ஐ 2.76ஆல் வகுக்க, திரையில் ஏறக்குறைய 725 லக்ஸ் ஒளி விழும்.

அறையில் டியூப்லைட் எரிகிறது, அதனால் திரையில் 100 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தின் வெள்ளைப் பகுதியில் 725ம் 100ம் சேர்ந்து 825. கறுப்புப் பகுதியில் வெறும் 100. வெள்ளை கறுப்பைவிட 8 மடங்குதான் வெளிச்சம். விளக்கை அணைத்து, ஜன்னலுக்குக் கனத்த திரைச்சீலை போட்டு, வெளி ஒளியை 1 லக்ஸாகக் குறைத்துவிட்டால்? இப்போது வெள்ளை 726, கறுப்பு 1. அதே புரொஜெக்டர், அதே படம், ஆனால் வேறுபாடு 700 மடங்குக்கு மேல்! உண்மையில் புரொஜெக்டரிலிருந்தே கொஞ்சம் ஒளி கசியும், வெள்ளைச் சுவர்களில் பட்டும் ஒளி திரைக்குத் திரும்பி வரும். அதனால் இந்த 700 இன்னும் குறையும். சினிமா தியேட்டர்களில் சுவரை அடர்ந்த நிறத்தில் வைப்பதற்கு இதுதான் காரணம்.

புரொஜெக்டர் பெட்டியின் மேல் இந்த வேறுபாட்டை ‘கான்ட்ராஸ்ட் 10,000க்கு 1’ என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். விளக்கு எரியும் கூடத்தில் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. ஆகவே முதல் பரிசோதனை புரொஜெக்டருக்கு இல்லை, அறைக்கு. இரவுக் காட்சி ஒன்றைப் போடுங்கள். கறுப்புச் சட்டை போட்டவரின் சட்டை மடிப்பும், தலைமுடி இழைகளும் தெரிகின்றனவா, எல்லாம் ஒரே சாம்பல் பூச்சாக இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ரிமோட்டில் ‘பிரைட்னஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். பெயர் அப்படி இருந்தாலும் அது பெரும்பாலும் மாற்றுவது கறுப்பின் அளவைத்தான். வெள்ளையை மாற்றுவது ‘கான்ட்ராஸ்ட்’. சட்டை மடிப்பு மறைந்துவிட்டால் பிரைட்னஸைச் சிறிது சிறிதாக ஏற்றி, மடிப்பு தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

அத்தை சொன்னதற்கு வருவோம். சின்ன டிவியில் தெளிவாக இருந்த படம் பெரிய திரையில் மட்டமாகத் தெரிவது உண்மைதான். காரணம் என்ன?

முழு எச்.டி. படத்தில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 வரிகள். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். இவற்றைப் பிக்சல் என்கிறோம். முழு எச்.டி. டிவி எவ்வளவு சிறிதானாலும், திரை எவ்வளவு பெரிதானாலும் இந்த எண்ணிக்கை மாறாது. புள்ளியின் அளவுதான் மாறும். 32 அங்குல டிவியின் அகலம் சுமார் 71 செ.மீ. அதை 1920ஆல் வகுத்தால் ஒரு புள்ளி 0.37 மி.மீ. நமது 100 அங்குலத் திரையில் ஒரு புள்ளி 1.15 மி.மீ. மூன்று மடங்கு பெரிது.

இனி நம் கண்ணின் திறமையைப் பார்க்க வேண்டும். கண் மருத்துவரிடம் போனால் மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்து என்று ஓர் அட்டையைக் காட்டுவார் அல்லவா? 1862இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹெர்மன் ஸ்நெல்லன் என்ற கண் மருத்துவர் அதை உருவாக்கினார். நல்ல பார்வை என்று சொல்லும் வரியில் உள்ள எழுத்துகளின் கோடு, கண்ணில் சரியாக ஒரு கலை அளவு கோணத்தில் விழும்படி அவர் அமைத்தார். ஒரு பாகையை 60 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் கலை. 3.4 மீட்டர் தூரத்தில் வைத்த 1 மி.மீ. பொருள் கண்ணில் உண்டாக்கும் கோணம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதைவிடச் சிறியவை ஒன்றோடொன்று கலந்துவிடும், தனித்தனியாகத் தெரியாது.

வீட்டில் நாம் டிவியிலிருந்து 3 மீட்டர் தள்ளி உட்காருகிறோம் என்போம். அந்தத் தூரத்தில் கண் பிரித்தறியக்கூடிய அளவு 0.87 மி.மீ. சின்ன டிவியின் புள்ளியோ 0.37 மி.மீ. கண்ணுக்கு எட்டாது. இரண்டு மூன்று புள்ளிகள் கலந்து ஒன்றாகத் தெரியும், அவற்றில் இருந்த குறைகளும் அதோடு கலந்து மறைந்துவிடும். பெரிய திரையின் 1.15 மி.மீ. புள்ளி கண்ணுக்கு எட்டும், அதிலுள்ள குறையும் எட்டும். ஆக, புரொஜெக்டர் எல்லாக் குறைகளையும் உண்டாக்கிவிடவில்லை. முன்பே இருந்து, நமக்குத் தெரியாமல் போனவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. இன்னொன்றும் உண்டு: 32 அங்குல டிவியை 3 மீட்டரிலிருந்து பார்ப்பவருக்கு எச்.டி.யின் அழகும் முழுதாகக் கிடைத்திருக்காது.

அப்படியானால் எவ்வளவு தூரத்தில் உட்காருவது? ஜப்பானின் ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., டோக்கியோ ஒலிம்பிக் நடந்த 1964இல் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கான ஆராய்ச்சியைத் தொடங்கியது. திரையின் உயரத்தைப்போல் 3 மடங்கு தூரத்தில் உட்கார்ந்து பார்க்கும் படமாக அதை வடிவமைத்தார்கள். நம் திரைக்கு அது 3.7 மீட்டர். நாம் கண்ணின் கணக்கைப் போட்டாலும் 1.15 மி.மீ. புள்ளி சுமார் 4 மீட்டரில் கலந்துவிடுகிறது. இரண்டு விடைகளும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! அந்தத் தூரத்தில் புள்ளி உறுத்தாது, நுணுக்கமும் வீணாகாது. குறை தேடும் நடுவர் வேலைக்கு மட்டும் அதைவிடக் கொஞ்சம் முன்னே வரலாம்.

சரி, குறைகள் முன்பே இருந்தன என்றோமே, அவை எங்கே பிறந்தன? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்லச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 8 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற குறி), மொத்தம் 24 பிட் வேண்டும். நொடிக்கு 25 முழுப் படங்கள். 20,73,600ஐ 24ஆலும் 25ஆலும் பெருக்குங்கள். நொடிக்கு 124 கோடி பிட்! ஆனால் செயற்கைக்கோள் வழியாக டிஷ் ஆன்டெனாவுக்கு வரும் எச்.டி. சேனலுக்குக் கிடைப்பது 1 கோடி பிட் அளவு, பல நேரம் அதற்கும் குறைவு. 124 கோடியை 1 கோடிக்குள் அடக்கிவிட்டு, உங்களுக்கு எதுவும் தெரியாதபடி படத்தைக் காட்ட வேண்டும். எப்படி?

உங்கள் சித்தி வெளியூரில் இருக்கிறார். அவர் வாசலில் போட்ட கோலத்தை உங்களுக்குப் போனில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மணல் அளவு இடத்திலும் மாவு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிக்கொண்டே போனால் பொழுது விடிந்துவிடும். ‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி’ என்று சொல்லி, இழுக்க வேண்டிய சில கோடுகளையும் சொன்னால் போதும், நீங்கள் அதே கோலத்தைப் போட்டுவிடுவீர்கள். படச் சுருக்கமும் இப்படித்தான். புள்ளி புள்ளியாகச் சொல்லாமல் வடிவங்களாகச் சொல்கிறார்கள்.

அந்த வழியைக் கண்டுபிடித்தவர் நசீர் அகமது. 1940இல் பெங்களூரில் பிறந்து, அங்கே பொறியியல் படித்து, அமெரிக்கா சென்றவர். 1972இல் இந்த ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. அவர் விடவில்லை. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து வேலையைத் தொடர்ந்து, 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். இன்று நீங்கள் பார்க்கும் ஜேபெக் புகைப்படம், டிவி, இணையக் காணொளி எல்லாவற்றிலும் அந்தக் கணக்கோ அதன் வழிவந்த கணக்கோதான் வேலை செய்கிறது. பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இன்னும் நிறைய வரவேண்டும் என்பது என் ஆசை.

அவருடைய முறையில் படத்தை 8 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம் உள்ள சிறு சதுரங்களாகப் பிரிப்பார்கள். எச்.டி. படம் ஒன்றில் இப்படி 32,400 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள 64 புள்ளிகளையும், முன்பே முடிவு செய்துவைத்த 64 வடிவங்களின் கலவையாக மாற்றி எழுதலாம். முதல் வடிவம் சதுரம் முழுவதும் ஒரே நிறம். அடுத்தவை மெதுவாக ஏறி இறங்கும் அலைகள். கடைசியில் மிக நெருக்கமான அலைகள். நீல வானத்தில் உள்ள சதுரத்துக்கு முதல் ஒன்றிரண்டு வடிவங்களே போதும். மற்ற எல்லாவற்றின் அளவும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அவற்றை அனுப்பாமல் விட்டுவிடலாம். இங்கேதான் மிச்சம் பிடிக்கிறார்கள். அதோடு, முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன மாற்றம் என்பதை மட்டும் அனுப்பி இன்னும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

புல்தரை வந்தால் சிக்கல். ஒவ்வொரு புல்லும் ஒரு நுணுக்கம், 64 வடிவங்களும் தேவைப்படும். பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓட, கேமரா அதைத் துரத்தித் திரும்பும்போது, எல்லைக்கு வெளியே ரசிகர்கள் கொடி ஆட்டும்போது, எல்லாச் சதுரமும் ஒரே நேரத்தில் ‘எனக்கு நிறைய பிட் கொடு’ என்று கேட்கும். இருப்பதோ நொடிக்கு 1 கோடி. நெருக்கமான அலைகளை வெட்டுவார்கள், புல் பச்சைப் பாசியாகிவிடும். இன்னும் போதவில்லை என்றால் மிஞ்சுவது முதல் வடிவம் மட்டும். சதுரம் முழுவதும் ஒரே நிறம்! பக்கத்துச் சதுரம் வேறு நிறம். படம் கட்டம் கட்டமாக உடைவது இப்படித்தான்.

இதை நீங்கள் அளவுகோலை வைத்தே சோதிக்கலாம். கட்டங்கள் தெரியும் நேரத்தில் படத்தை நிறுத்துங்கள். ஒரு கட்டத்தின் அகலத்தைத் திரையில் அளந்து பாருங்கள். 8 புள்ளி என்றால் நம் திரையில் சுமார் 9 மி.மீ. இப்போது எச்.டி. சேனல்களில் அதிகம் பயன்படும் சுருக்க முறை 16 புள்ளிச் சதுரத்தையும் பயன்படுத்தும். அது சுமார் 18 மி.மீ. உங்கள் அளவு இவற்றை ஒட்டி வந்தால், குறை பிறந்தது உங்கள் வீட்டில் இல்லை, சேனல் அனுப்பும் இடத்தில். புரொஜெக்டர் குற்றவாளி இல்லை.

எழுத்துகளின் ஓரத்தையும் கவனியுங்கள். செய்திச் சேனலின் கீழே ஓடும் வரியில் ‘ஞ’, ‘ழ’ வரும்போது, அந்தச் சுழிகளைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் மொய்த்து நடுங்கும். கூர்மையான விளிம்பைச் சொல்ல நெருக்கமான அலைகள் வேண்டும். அவற்றை வெட்டியதன் தழும்பு அது. மாலை வானத்தில் வேறொரு குறை தெரியும். டிவி ஒளிபரப்பில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சுமார் 220 படிகள்தான் இருக்கின்றன. வானம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை 20 படிகள் மட்டுமே மாறினால், 221 செ.மீ. அகலத்தில் ஒவ்வொரு படியும் 11 செ.மீ. அகலப் பட்டையாக விழும். சின்ன டிவியில் 3.5 செ.மீ. ஆக இருந்த பட்டை இங்கே எடுப்பாகத் தெரிந்துவிடும்.

உலகம் முழுவதும் படச் சுருக்கத்தைச் சோதிக்கும் பொறியாளர்கள் இதற்கென்றே கடினமான காட்சிகளைத் தேடிப் பிடிப்பார்கள். சுவீடன் தொலைக்காட்சி நிறுவனம் அப்படி எடுத்த காட்சிகள் புகழ்பெற்றவை. ஒன்றில் நீரில் மிதக்கும் வாத்துகள் சட்டென்று எழும்பிப் பறக்கும். ஒவ்வொரு சிற்றலையும் தன் போக்கில் நெளியும். எந்த அலை அடுத்து எங்கே போகும் என்று முந்தைய படத்தை வைத்துச் சொல்லவே முடியாது. இன்னொன்றில் பெருங்கூட்டம் ஓடிவரும். பழைய காட்சி ஒன்றும் உண்டு. பொம்மை ரயில் ஒரு பந்தைத் தள்ளிக்கொண்டு போக, பின்னால் காலண்டர் நகர்ந்துகொண்டிருக்கும். கடைகளில் டிவிக்கும் புரொஜெக்டருக்கும் ஓடவிடும் படங்களை நினைத்துப் பாருங்கள். பூ மெதுவாக விரியும், பழத்தின் மேல் ஒரு சொட்டு நீர் வழியும். அழகான காட்சிகள், ஆனால் சுருக்க எளிதானவை. அவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்வது, தேர்வில் தெரிந்த கேள்வியை மட்டும் கேட்டு மதிப்பெண் கொடுப்பதற்குச் சமம். நீர், புல், கூட்டம், புகை, மழை இவை வரும் காட்சிகளைக் கேளுங்கள்.

ஒளிபரப்பில் இன்னொரு தந்திரமும் உண்டு. பல எச்.டி. சேனல்கள் 1080 வரிகளையும் ஒரேயடியாக அனுப்புவதில்லை. முதலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை வரிகள் 540. நொடியில் 50இல் ஒரு பங்கு நேரம் கழித்து 2, 4, 6 என்று இரட்டைப்படை வரிகள் 540. இரண்டையும் பின்னி ஒரே படமாக்குவது உங்கள் செட்டாப் பாக்ஸின் அல்லது புரொஜெக்டரின் வேலை. மட்டை வேகமாகச் சுழலும்போது, அந்த 50இல் ஒரு பங்கு நேரத்துக்குள் அது நகர்ந்துவிடுமே! பின்னல் சரியில்லை என்றால் மட்டையின் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிந்து தெரியும். ஓடும் செய்தி வரியில் இது நன்றாகத் தெரியும். இந்தக் குறை ஒளிபரப்பில் இல்லை, உங்கள் வீட்டுக் கருவியில்தான். செட்டாப் பாக்ஸ் மெனுவில் படத்தின் அளவை ‘1080i’ (வரிகளைப் பின்னாமல் அனுப்புவது) என்பதிலிருந்து ‘1080p’ (பின்னி அனுப்புவது) என்பதற்கோ, அதிலிருந்து இதற்கோ மாற்றிப் பாருங்கள். இரண்டு கருவிகளில் எது நன்றாகப் பின்னுகிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது புரொஜெக்டரின் முறை. சில புரொஜெக்டர்களில் உள்ளே இருப்பது லட்சக்கணக்கான கண்ணாடிகள். 1987இல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் என்ற இயற்பியலாளர் உருவாக்கிய சில்லு அது. ஒரு மி.மீ. நீளத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கண்ணாடிகளை அடுக்கலாம், அவ்வளவு சிறியவை. ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படியும் அப்படியும் சாய்ந்து, ஒளியைத் திரைக்கு அனுப்பும், அல்லது விலக்கிவிடும். சினிமாவையே மாற்றிய இந்தச் சில்லுக்காக அவருக்கு 2015இல் ஆஸ்கர் அமைப்பின் அறிவியல் விருது கிடைத்தது. இவ்வகை வீட்டுப் புரொஜெக்டர்கள் பெரும்பாலும் சிவப்பு, பச்சை, நீலத்தை ஒரே நேரத்தில் காட்டுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, மிக வேகமாகக் காட்டும். கண்ணைச் சட்டென்று திருப்பினால் வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் மின்னி மறைவது சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. வேறு சில புரொஜெக்டர்களில் மூன்று நிறத்துக்கும் மூன்று எல்.சி.டி. தகடுகள். அவை ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை என்றால் வெள்ளைக் கோட்டின் ஒரு ஓரம் சிவப்பாகவும் மறு ஓரம் நீலமாகவும் தெரியும். முதல் குறை வந்து போகும், இரண்டாவது அசையாமல் நிற்கும். இதை வைத்தே எது எது என்று பிரித்துவிடலாம்.

இதைவிட முக்கியமான கேள்வி: புரொஜெக்டருக்குள் உண்மையில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன? பெட்டியின் மேல் ‘1080 சப்போர்ட்’ என்று எழுதியிருந்தால், 1080 வரிப் படத்தை அது வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். அத்தனையையும் காட்டும் என்று பொருள் இல்லை. உள்ளே 1280க்கு 720 புள்ளித் தகடு இருந்தால் மொத்தம் 9,21,600. பாதிக்கு மேற்பட்ட நுணுக்கம் திரைக்கு வருமுன்பே போய்விடும். கண்டுபிடிக்கும் வழி எளிது. கணினியில் 1920க்கு 1080 அளவில் ஒரு படம் வரையுங்கள். ஒரு புள்ளி அகலத்தில் கறுப்புக் கோடு, அடுத்து ஒரு புள்ளி அகலத்தில் வெள்ளைக் கோடு என்று கடைசிவரை. பி.என்.ஜி. வடிவத்தில் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம், அது நம் கோடுகளையும் சுருக்கிக் கலைத்துவிடும். அந்தப் படத்தைப் பென் டிரைவில் போட்டுத் திரையில் காட்டுங்கள். கிட்டே போய்ப் பார்த்தால் கோடு கோடாகத் தெரிய வேண்டும். சாம்பல் நிறமாகவோ, அகலமான அலைகளாகவோ தெரிந்தால் எங்கோ புள்ளிகள் தொலைகின்றன.

உடனே புரொஜெக்டரைக் குறை சொல்லிவிட வேண்டாம். அதைச் சாய்வாக வைத்துவிட்டு, படம் சரியான செவ்வகமாக வருவதற்கு ‘கீஸ்டோன்’ பொத்தானை அழுத்தியிருப்பார்கள். அந்தத் திருத்தம் படத்தை உள்ளேயே சுருக்கி வளைக்கிறது, புள்ளிகள் தொலைகின்றன. புரொஜெக்டரைத் திரைக்கு நேராக வைத்து, கீஸ்டோனைப் பூஜ்யமாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். நடுவில் கோடு கூர்மையாக இருந்து மூலையில் மங்கினால் அது லென்ஸின் குறை. ‘ஷார்ப்னெஸ்’ பொத்தானை ஏற்றினால் கூர்மை வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது புதிய நுணுக்கம் எதையும் கொண்டுவராது. விளிம்புகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு இழுத்து, கூர்மை என்று நம்பவைக்கும். தென்னங்கீற்றுக்குப் பின்னால் வானம் தெரியும் காட்சியில் அந்தப் போலிக் கோட்டைப் பிடித்துவிடலாம்.

நிறத்துக்கு மனித முகம்தான் உரைகல். புல் எந்தப் பச்சை என்று நமக்கு நிச்சயமாகத் தெரியாது, அம்மாவின் முகம் எந்த நிறம் என்று தெரியும். ‘டைனமிக்’ அல்லது ‘பிரைட்’ என்ற அமைப்பில் வெளிச்சம் மிக அதிகமாக இருக்கும், ஆனால் பல புரொஜெக்டர்களில் முகங்கள் பச்சை கலந்து தெரியும். ‘சினிமா’ அமைப்புக்கு மாற்றினால் முதலில் மங்கலாகவும் மஞ்சளாகவும் தோன்றும். அவசரப்படாமல் சில நிமிடங்கள் காத்திருங்கள். கண் பழகியபின் முகங்கள் முகங்களாகத் தெரியும்.

கடைசியாக, கண்ணையும் மனதையும் சோதிக்க வேண்டும். விலை அதிகம் என்று தெரிந்தாலே படம் நன்றாகத் தோன்றும், தான் தேர்ந்தெடுத்தது என்றால் இன்னும் நன்றாகத் தோன்றும். இதைத் தவிர்க்க, ஜெனீவாவில் உள்ள பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு முறையை வகுத்திருக்கிறது. 1974இலேயே வெளிவந்து, இன்றுவரை திருத்தித் திருத்திப் பயன்படும் முறை அது. குறைந்தது 15 பேர் பார்க்க வேண்டும். முதலில் எழுத்து அட்டையைக் காட்டி அவர்களுடைய பார்வையைச் சோதிப்பார்கள், நிறம் பிரித்தறியும் திறனையும் சோதிப்பார்கள். சுமார் 10 நொடிக் காட்சி, நடுவில் வெறும் சாம்பல் திரை, பிறகு அடுத்த காட்சி. எது எந்தக் கருவியில், எந்தச் சுருக்கத்தில் வந்தது என்று பார்ப்பவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம், மிக மோசம் என்று 5 முதல் 1 வரை மதிப்பெண். கண் களைத்துவிடும் என்பதால் அரை மணிக்கு மேல் நீட்டமாட்டார்கள். எல்லோருடைய மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள்.

இதை விடுமுறை நாளில் உங்கள் வீட்டில் செய்யலாம். ஒருவர் மட்டும் ரிமோட்டைக் கையாளட்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ளும்போது அவர் அமைப்பை மாற்றட்டும், வரிசையையும் மாற்றி மாற்றிப் போடட்டும். ஒரே காட்சியை எல்லா அமைப்பிலும் காட்டுங்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. தாத்தா பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொண்டு பார்க்கட்டும். உங்களுக்கு மட்டும் எல்லா அமைப்பிலும் படம் மங்கலாகத் தெரிந்தால் அதை வீட்டில் சொல்லுங்கள். புரொஜெக்டர் கடைக்கு முன்னால் கண் மருத்துவரிடம் போக வேண்டியிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. எரியும் புரொஜெக்டரின் லென்ஸுக்குள் நேராகப் பார்க்காதீர்கள், தம்பி தங்கையையும் பார்க்கவிடாதீர்கள். திரையில் கோடுகளைக் கிட்டே பார்க்கப் போகும்போது பக்கவாட்டில் நில்லுங்கள், ஒளிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் புரொஜெக்டர் வாங்கக் கடைக்குக் கிளம்பினால் நீங்களும் கூடப் போங்கள். உங்கள் கோட்டுப் படம் உள்ள பென் டிரைவைச் சட்டைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பூ விரியும் படத்தை நிறுத்திவிட்டு இதைப் போடச் சொல்லிக் கேளுங்கள். பிறகு, கடை விளக்கை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள்.